மவுண்ட் பையூ: சொந்த ஊர், அடுத்தவர் கடன்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், மெம்பிஸிலிருந்து விக்ஸ்பர்க் போகும் பழைய ரயில்பாதையின் நடுவாந்தரத்தில் இருக்கிறது மவுண்ட் பையூ. 1887-ல் இந்த ஊரை உண்டாக்கியவர்கள் அடிமைகளாகப் பிறந்தவர்கள். மாநிலம் முழுக்கக் கறுப்பின மக்களின் ஓட்டுரிமை பறிபோயிருந்த காலத்திலும், இந்த ஊர் எல்லைக்குள் அவர்கள் தங்கள் மேயரையும் கவுன்சிலர்களையும் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். கடை, பருத்தி அரவை, வங்கி, பத்திரிகை, பிறகு ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றையும் தாங்களே நடத்தினார்கள்.

இந்த ஊரின் கதையைத் தலைவர்களின் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். இந்த ஆய்வு கணக்குப் புத்தகத்தின் பக்கமிருந்து பார்க்கிறது. நிலத்துக்கும் ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் யாரிடமிருந்து வந்தது, கொடுத்தவர் அதை எப்போது திரும்பக் கேட்டார், கேட்ட அன்று கையில் என்ன இருந்தது என்று பார்த்துக்கொண்டே போனால், எது ஏன் நிலைத்தது, எது ஏன் விழுந்தது என்பது பெரும்பாலும் விளங்கிவிடுகிறது.

முதல் பாடம்: டேவிஸ் பெண்ட்

மவுண்ட் பையூவுக்கு முன்னோடி ஒன்று உண்டு. விக்ஸ்பர்க்குக்குத் தெற்கே மிசிசிப்பி ஆறு வளைந்து போகும் இடத்தில் டேவிஸ் பெண்ட் என்ற பருத்தித் தோட்டப் பகுதி இருந்தது. உரிமையாளர் ஜோசப் டேவிஸ். பிற்பாடு அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தெற்கு மாநிலக் கூட்டமைப்பின் தலைவரான ஜெபர்சன் டேவிஸின் அண்ணன். அவரிடம் அடிமையாக இருந்த பெஞ்சமின் மான்ட்கோமரி எழுத்தறிவும் நில அளவையும் இயந்திர வேலையும் கற்றவர். தோட்டத்திலேயே கடை நடத்தினார், பருத்தி விற்பனையைக் கவனித்தார், ஆழம் குறைந்த ஆறுகளில் ஓடும் படகுக்கு ஒரு சுழலியும் உருவாக்கினார். அடிமைக்குக் குடியுரிமை கிடையாது என்ற காரணத்தால் அதற்குக் காப்புரிமை கிடைக்கவில்லை.

உள்நாட்டுப் போர் முடிந்து 1866-ல், ஜோசப் டேவிஸ் தன் தோட்டத்தையும் தம்பி ஜெபர்சன் பயிரிட்டு வந்த பிரையர்பீல்டு தோட்டத்தையும் பெஞ்சமினுக்கே விற்றார். சுமார் 4,000 ஏக்கர், விலை 3 லட்சம் டாலர். கைக்காசு இல்லாமல், முழுவதும் கடன் பத்திரத்தின் மேல் நடந்த விற்பனை இது. அன்றைய மாநிலச் சட்டம் கறுப்பர்களின் கிராமப்புற நில உரிமையை நெருக்கிக்கொண்டிருந்ததால் சில காலம் வெளியே தெரியாமலே வைத்திருந்தார்கள்.

அடுத்த வருடமே வெள்ளம் வந்து கரையை அறுத்து, வளைவை ஒரு தீவாக்கிவிட்டது. தப்பிய பயிரைப் புழு தின்றது. ஆனாலும் மான்ட்கோமரி குடும்பம் தாக்குப்பிடித்தது. 1870-களின் முற்பகுதியில் மாநிலத்தின் பெரிய பருத்தி விளைவிப்பாளர்களில் அவர்களும் உண்டு. 1876-ல் பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியில் அவர்கள் பஞ்சு பரிசு வாங்கியது.

பிறகு ஏன் போனது? கடன் கொடுத்தவர் வட்டிக்காகக் கழுத்தைப் பிடிக்காத ஜோசப் டேவிஸாக இருந்தவரை மோசமான வருடங்களையும் கடக்க முடிந்தது. அவர் 1870-ல் இறந்தார். பத்திரம் வாரிசுகள் கைக்கு மாறியது. 1873 பொருளாதார நெருக்கடியில் பருத்தி விலை சரிந்தது. பிரையர்பீல்டு தனக்கே சொந்தம் என்று ஜெபர்சன் டேவிஸ் வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டில் தோற்றாலும் 1878-ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். பெஞ்சமின் 1877-லேயே இறந்துவிட்டார். 1881-ல் மீதி நிலமும் ஏலத்துக்கு வந்து டேவிஸ் குடும்பத்துக்கே திரும்பியது. பதினைந்து வருட உழைப்பு, பத்திரத்தை வைத்திருந்த ஆள் மாறியதும் கைவிட்டுப் போனது.

பெஞ்சமினின் மகன் ஐசயா மான்ட்கோமரி 1847-ல் அங்கேயே பிறந்தவர். இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவர்.

காட்டில் ஒரு ஊர்

1880-களில் லூயிவில், நியூ ஆர்லியன்ஸ் அண்டு டெக்சாஸ் ரயில் கம்பெனி, மெம்பிஸுக்கும் விக்ஸ்பர்க்குக்கும் நடுவே, டெல்டா என்று அழைக்கப்படும் மிசிசிப்பியின் வடமேற்கு ஆற்றுச் சமவெளியைக் குறுக்கே வெட்டிப் பாதை போட்டது. இருபுறமும் கம்பெனிக்கு ஏராளமான நிலம். ஆனால் அது சதுப்பும் மூங்கில் போன்ற நாணல் புதரும் ஓக் மரக்காடும் கொசுவும் நிறைந்த பூமி. வெள்ளையர்கள் குடியேற முன்வரவில்லை. கறுப்பர்களுக்கு மலேரியா ஒட்டாது என்ற மூடநம்பிக்கையும் கம்பெனிக்காரர்களிடம் இருந்தது. ஆள் குடியேறினால்தான் பயிர், பயிர் இருந்தால்தான் சரக்குக் கட்டணம். ஐசயாவைக் கம்பெனி தேடி வந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான், தயவு இல்லை.

ஐசயாவும் அவர் உறவினர் பெஞ்சமின் கிரீனும் 840 ஏக்கரில் தொடங்கினார்கள். ஏக்கருக்கு 7 டாலர். இரண்டு ஓடைகள் கூடும் இடத்தில் பழங்குடி மக்களின் பழைய மண்மேடு ஒன்று இருந்தது, ஊரின் பெயர் அதிலிருந்து வந்தது. குடியேறியவர்கள் பெரும்பாலும் டேவிஸ் பெண்டிலிருந்தும் விக்ஸ்பர்க் பக்கத்திலிருந்தும் வந்த குடும்பங்கள். நிலத்தைக் கொஞ்சம் முன்பணம் கட்டி, மீதியை வருடத் தவணையில் அடைக்க ஒப்புக்கொண்டு எடுத்தார்கள்.

முதல் மூன்று நான்கு வருடங்களில்தான் இந்த ஏற்பாடு பிழைக்குமா சாகுமா என்பது தீர்மானமானது. காட்டு நிலம் முதல் வருடமே பருத்தி கொடுக்காது. டெல்டாவில் காடு திருத்தும் முறை இப்படி: நாணலையும் சிறு மரங்களையும் வெட்டி, உலரவிட்டு, எரிப்பது. பெரிய மரங்களை வெட்டிச் சாய்க்க ஆளும் நேரமும் போதாது. அதனால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரித்துவிட்டால் மரம் நின்றபடியே பட்டுப்போகும், இலை உதிரும், வெயில் தரைக்கு வரும். அந்தப் பட்ட மரங்களுக்கு நடுவிலேயே சோளமும் பருத்தியும் போடுவார்கள். வேர் அழுகி மரம் விழ விழ அப்புறப்படுத்துவார்கள். கலப்பை வேரில் மாட்டும், கிளை முறிந்து ஆள் மேல் விழும், வடிகால் வெட்டாத தாழ்வில் மழைநீர் நின்று செடி மஞ்சளாகும். முழு விளைச்சலுக்கு வர நாளாகும், நிலத்தவணையோ வருடத்துக்கு வருடம் வந்து நிற்கும்.

இடைவெளியை அடைத்தது மரம். ரயில்பாதைக்குத் தண்டவாளத்தடியில் போடும் சிலிப்பர் கட்டை வேண்டும், பீப்பாய் செய்ய ஓக் பலகை வேண்டும். ஐசயாவும் கிரீனும் மரம் அறுக்கும் ஆலை வைத்து, குடியேறியவர்கள் வெட்டிய மரத்தை வாங்கினார்கள். நிலத்தைத் திருத்துகிற அதே வேலை கூலியாகவும் மாறியது. அதுவும் போதாத குடும்பங்களில் ஆண்களும் பெண்களும் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பஞ்சு எடுக்கப் போய்த் தவணைப் பணம் சேர்த்தார்கள். இந்த ஊரின் உண்மையான முதலீடு அதுதான். இந்தக் கட்டத்தில் கடன் கொடுத்தவரின் நலனும் வாங்கியவர் நலனும் ஒரே திசையில் இருந்தன. நிலத்தைப் பிடுங்கினால் கம்பெனிக்குக் காடுதான் மிச்சம், விட்டுவைத்தால் சரக்கு கிடைக்கும்.

1890 ஓட்டு

இதைச் சொல்லாமல் இந்த ஊரை எடைபோட முடியாது. 1890-ல் மிசிசிப்பி புதிய அரசியல் சட்டம் எழுதக் கூடியபோது, அந்த மன்றத்தில் இருந்த ஒரே கறுப்பர் ஐசயா மான்ட்கோமரி. 2 டாலர் தேர்தல் வரி, அரசியல் சட்டப் பகுதியைப் படித்தோ கேட்டோ விளக்கிச் சொல்லவேண்டும் என்ற நிபந்தனை ஆகியவை கறுப்பர்களின் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்காகவே வகுக்கப்பட்டவை. விளக்கம் சரியா தவறா என்று முடிவு செய்பவர் வெள்ளை அதிகாரி. ஐசயா அதை ஆதரித்துப் பேசி, ஆதரித்தே வாக்களித்தார். 1,20,000-க்கும் மேற்பட்ட கறுப்பர்களின் ஓட்டுரிமை போகும் என்பது தெரிந்தே செய்தார். அடிமை ஒழிப்புப் போராளி பிரடரிக் டக்ளஸ் உட்படப் பலர் கடுமையாகக் கண்டித்தார்கள்.

ஊரை நிம்மதியாக விட்டுவைப்பதற்குக் கொடுத்த விலை அது என்று பலர் விளக்குகிறார்கள். அந்த விளக்கத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் விலையைக் கொடுத்தவர்கள் அந்த ஊருக்கு வெளியே இருந்தவர்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. ஊருக்கும் அது முழுப் பாதுகாப்பாக அமையவில்லை. மேயர் தங்கள் ஆளாக இருந்தாலும் கவுண்டி (மாவட்டம்) போலீஸ் தலைவரான ஷெரிப், வரி மதிப்பீடு, பள்ளிக்கூட நிதி, மாநில வங்கிப் பரிசோதகர் எல்லாம் ஓட்டில்லாதவர்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத ஆட்கள் ஆனார்கள்.

வங்கியும் எண்ணெய் ஆலையும்

1898-ல் ஊர் சட்டப்படி கிராம நகராட்சியானது. கிரீன் 1896-லேயே கொலையுண்டிருந்தார். கிளார்க்ஸ்டேலிலிருந்து வந்த சார்ல்ஸ் பேங்க்ஸ் 1904-ல் மவுண்ட் பையூ வங்கியைத் தொடங்கினார். 1907 வாக்கில் ஊரையும் சுற்றுக் குடியிருப்பையும் சேர்த்து சுமார் 30,000 ஏக்கர் கறுப்பர்கள் கையில் இருந்தது. அதில் திருத்திப் பயிரிட்டது ஐந்தாறாயிரம் ஏக்கர், பருத்தி வருடத்துக்குச் சுமார் 3,000 பேல், அதாவது பொதி.

வங்கி எதற்கு? டெல்டா விவசாயி மார்ச் மாதம் கடன் வாங்கி, அக்டோபர், நவம்பரில் பஞ்சு விற்று அடைப்பார். விதை, கோவேறு கழுதைக்குத் தீனி, மாவு, பன்றி இறைச்சி எல்லாம் கடைக் கணக்கு. கடைக்காரருக்கு வரப்போகும் பயிர் மேலேயே உரிமை எழுதித் தரவேண்டும். அவர் சொல்லும் விலை, அவர் போடும் வட்டி. ஒரு வருடம் விளைச்சல் தவறினால் பாக்கி அடுத்த வருடத்துக்கு ஏறும். இரண்டு வருடம் தவறினால் நிலப் பத்திரத்தின் மேல் அடமானம் கேட்பார்கள். முன்பு அடிமைகளாக இருந்தவர்கள் சொந்த நிலத்தை இழந்து குத்தகைக்காரர்களானது பெரும்பாலும் இந்தப் படிக்கட்டில் இறங்கித்தான். ஊருக்குள்ளேயே வங்கி இருந்தால் அடமானம் ஊருக்குள்ளேயே இருக்கும் என்பது பேங்க்ஸின் எண்ணம். எண்ணம் சரிதான். ஆனால் வங்கியில் பணம் போட்டவர்களும் கடன் வாங்கியவர்களும் ஒரே பயிரை நம்பிய ஒரே ஊர் மக்கள். பஞ்சு விலை விழுந்தால் ஒரே நாளில் எல்லாரும் போட்டதை எடுக்க வருவார்கள், அன்றைக்கே எந்தக் கடனும் திரும்பி வராது.

அடுத்த முயற்சி பருத்திக்கொட்டை எண்ணெய் ஆலை. இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். வயலில் எடுத்த 1,500 பவுண்டு பருத்தியை அரவையில் போட்டால் 500 பவுண்டு பஞ்சு, அதாவது ஒரு பேல் கிடைக்கும். கூடவே சுமார் 900 பவுண்டு கொட்டை மிஞ்சும். கொட்டையைச் சலித்து, ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சை வழித்து, தோலை உடைத்து நீக்கி, பருப்பை உருளையில் நசுக்கி, நீராவியில் வேகவைத்து, ஹைட்ராலிக் அழுத்தியில் பிழிந்தால் ஒரு டன்னுக்கு 300 பவுண்டு அளவுக்கு எண்ணெய் வரும். புண்ணாக்கும் தோலும் மாட்டுத் தீவனம். இந்த லாபம் முழுக்க அதுவரை வெள்ளையர்களின் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

1907-ல் திட்டம் தொடங்கியது. ஒரு லட்சம் டாலர் மூலதனம், பங்கு ஒன்று ஒரு டாலர். மாநிலம் முழுவதிலும் விவசாயிகளும் சலவைத் தொழிலாளிகளும் வாத்தியார்களும் வாங்கினார்கள். கட்டடமும் இயந்திரமும் எழும்பின. 1912 நவம்பரில் கறுப்பினத் தலைவர் புக்கர் வாஷிங்டன் வந்து திறந்துவைத்தார், ஆயிரக்கணக்கில் கூட்டம்.

ஆலை அன்றைக்கு ஓடவில்லை. பங்குப் பணம் எல்லாம் கல்லுக்கும் இரும்புக்கும் போயிருந்தது. எண்ணெய் ஆலைக்கு இரண்டாவது மூலதனம் ஒன்று வேண்டும், கொட்டை வாங்க. அரவை நடக்கும் மூன்று நான்கு மாதத்திலேயே வருடத்துக்கு வேண்டிய கொட்டையைக் கைக்காசு கொடுத்து வாங்கிச் சேர்க்கவேண்டும், எண்ணெய் விற்ற பணம் பிறகுதான் வரும். சொந்த ஊர்க் கொட்டை மட்டும் போதுமா என்றும் பார்க்கலாம். 3,000 பேலுக்குக் கிடைப்பது சுமார் 1,350 டன். ஒரு நாளைக்கு 40 டன் பிழியும் நடுத்தர ஆலைக்கு அது ஐந்து வாரத் தீனி. மீதிக்கு வெளியூர்ச் சந்தையில் போட்டி போட்டு வாங்கவேண்டும். அங்கே எதிரே நிற்பவை பணபலமுள்ள பெரிய ஆலைகள்.

சிகாகோ வியாபாரி ஜூலியஸ் ரோசன்வால்டு 25,000 டாலருக்குக் கடன்பத்திரம் வாங்கினார். மெம்பிஸ் எண்ணெய் வியாபாரி ஒருவருக்கு ஆலையைக் குத்தகைக்கு விட்டார்கள். 1913 அறுவடைக்குத்தான் ஆலை ஓடத் தொடங்கியது. குத்தகையும் கைகொடுக்கவில்லை, ஒரு பருவத்தோடு நின்றது. ஆயிரக்கணக்கான ஏழைகளின் ஒரு டாலர் பங்குகள் செல்லாக்காசாயின. இந்த நஷ்டத்துக்குத் திறமைக்குறைவைக் காரணம் காட்டுபவர்கள் உண்டு. எங்கள் கணிப்பில் பழுது திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது: கட்டடத்தை விழாவுக்குரியதாகப் பார்த்தார்கள், கொட்டை வாங்கும் பணத்தைப் பிற்பாடு பார்க்கலாம் என்று விட்டார்கள். ஒரு டாலர் பங்குதாரர்களிடம் இரண்டாம் முறை போய்க் கேட்கவும் முடியாது.

1914 ஆகஸ்டில் ஐரோப்பாவில் போர் மூண்டது. நியூயார்க் பருத்திச் சந்தை நவம்பர் வரை மூடிக்கிடந்தது. பவுண்டுக்கு 12, 13 சென்ட் விற்ற பஞ்சு ஏறக்குறைய பாதி விலைக்கு இறங்கியது. அதே வருடம் மவுண்ட் பையூ வங்கி விழுந்தது. அடுத்த வருடம் வேறு பெயரில் மீண்டும் திறந்தாலும் பழைய நம்பிக்கை திரும்பவில்லை. போர்க்காலத்தில் விலை ஏற, பலர் ஏறிய விலைக்கு நிலமும் இயந்திரமும் கடனில் வாங்கினார்கள். 1920 வசந்தத்தில் 40 சென்ட்டைத் தொட்ட பஞ்சு அந்த டிசம்பரில் 14 சென்ட். ஏறிய விலையில் எழுதிய கடன் அப்படியே நின்றது. நிறைய நிலம் வெளியூர்க் கடன்காரர்களிடம் போனது, உரிமையாளர்கள் தங்கள் நிலத்திலேயே குத்தகைக்கு உழுதார்கள், இளைஞர்கள் சிகாகோவுக்கு ரயில் ஏறினார்கள். பேங்க்ஸ் 1923-லும் ஐசயா 1924-லும் இறந்தார்கள்.

ஆஸ்பத்திரி

டெல்டாவில் கறுப்பு நோயாளிக்கு ஆஸ்பத்திரி என்றால் பக்கவாசல், தனி வார்டு, மிஞ்சிய படுக்கை. 'நைட்ஸ் அண்டு டாட்டர்ஸ் ஆஃப் டேபர்' என்ற கறுப்பர்களின் பரஸ்பர உதவிச் சங்கம், பெர்ரி ஸ்மித் தலைமையில், உறுப்பினர்களிடமே நிதி திரட்டி 1942-ல் மவுண்ட் பையூவில் டேபோரியன் ஆஸ்பத்திரியைத் திறந்தது. 42 படுக்கை, இரண்டு அறுவைக்கூடம், எக்ஸ்ரே. செலவு ஒரு லட்சம் டாலருக்கு மேல். தலைமை அறுவை மருத்துவர் டி. ஆர். எம். ஹோவர்ட்.

கட்டணத்தைப் பாருங்கள். பெரியவருக்கு வருடச் சந்தா 8 டாலர் 40 சென்ட். அதற்கு அறுவை உட்பட 31 நாள் படுக்கைச் சிகிச்சை, இறந்தால் ஈமச்செலவுக்கு 200 டாலர். பிள்ளைக்கு வருடம் 1 டாலர் 20 சென்ட். சில வருடங்களில் உறுப்பினர் எண்ணிக்கை 50,000-ஐ நெருங்கியது.

எண்ணெய் ஆலை விழுந்த ஊரில் ஆஸ்பத்திரி ஏன் நின்றது? பணம் ஒரே தடவை வந்து கட்டடத்தில் முடங்கவில்லை, வருடந்தோறும் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு ஊரை நம்பாமல் டெல்டா முழுவதிலும் பரவிய கிளைகளிடமிருந்து வந்தது. அதைவிட முக்கியம், கடன்காரர் என்று வெளியே யாரும் இல்லை.

அந்த ஆஸ்பத்திரியின் நிழலில்தான் ஊர் அரசியலுக்கும் திரும்பியது. 1951-ல் ஹோவர்ட் தொடங்கிய கறுப்புத் தலைமைக்கான வட்டாரக் கவுன்சில் இந்த ஊரில் நடத்திய வருடாந்திரக் கூட்டங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். கழிப்பறையைப் பயன்படுத்த விடாத பெட்ரோல் பங்கில் பெட்ரோல் போடாதீர்கள் என்று வண்டிகளில் ஒட்டும் ஸ்டிக்கர் அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஹோவர்டின் இன்சூரன்ஸ் கம்பெனியில் ஏஜெண்டாக 1952-ல் வேலைக்குச் சேர்ந்த இளைஞர், பின்னாளில் சிவில் உரிமைப் போராட்டத் தலைவரான மெட்கர் எவர்ஸ். 1955-ல் வெள்ளையர்களால் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் வழக்கு நடந்தபோது, சாட்சிகளுக்கும் பையனின் தாய்க்கும் ஆயுதக் காவலோடு அடைக்கலமாக இருந்தது ஹோவர்டின் வீடு.

எதிர்த்தரப்பும் கடனைத்தான் ஆயுதமாக எடுத்தது. 1954-ல் பக்கத்துக் கவுண்டியில் தொடங்கிய வெள்ளைக் குடிமக்கள் கவுன்சில், உரிமை கேட்டவர்களின் கடனை உடனே கட்டச் சொன்னது, புதுக்கடனை மறுத்தது. ஹோவர்டின் யோசனைப்படி நாடு முழுவதிலும் இருந்து சங்கங்களும் தனியாட்களும் மெம்பிஸில் கறுப்பர்கள் நடத்திய ட்ரை ஸ்டேட் வங்கியில் பணம் போட்டார்கள். கிட்டத்தட்ட 3 லட்சம் டாலர் சேர்ந்தது. கடன் மறுக்கப்பட்டவர்களுக்கு அதிலிருந்து கடன் கொடுத்தார்கள். 1904-ல் பேங்க்ஸ் நினைத்ததுதான் இதுவும். ஆனால் இந்த முறை பணம் ஒரே ஊரின் பஞ்சு விலையைச் சார்ந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரி 1960-களில் தளர்ந்தது. இயந்திர அறுவடை வந்து ஆட்கள் ஊரைவிட்டுப் போனதால் சந்தா குறைந்தது. அரசு உரிம விதிகள் கேட்ட வசதிகளுக்குச் செலவு ஏறியது. 1965-க்குப் பிறகு முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் வந்ததும் முதியவர்களுக்குச் சந்தா கட்டும் தேவையும் குறைந்தது. 1967-ல் அரசு நிதியோடு, ஹோவர்ட் முன்பு தொடங்கிய பிரெண்ட்ஷிப் கிளினிக்கோடு இணைத்து, சமுதாய ஆஸ்பத்திரியாக்கினார்கள். சிவில் உரிமைப் போராளி பேனி லூ ஹேமர் 1977-ல் கடைசி மூச்சை விட்டது அங்கேதான். 1983-ல் அதுவும் மூடப்பட்டது.

சோறும் மருந்துதான்

1967-ல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் வழியாக, வறுமை ஒழிப்பு நிதியில், மவுண்ட் பையூவில் டெல்டா ஹெல்த் சென்டர் தொடங்கியது. அமெரிக்காவின் முதல் கிராமப்புறச் சமுதாய சுகாதார நிலையம் இதுதான். டாக்டர் ஜாக் கெய்கரும் ஜான் ஹேட்சும் முன்னின்றார்கள். வந்த குழந்தைகளில் பலருக்கு நோயின் வேர் பட்டினி. டாக்டர்கள் மருந்துச் சீட்டில் பால், முட்டை, காய்கறி, இறைச்சி என்று எழுதினார்கள். ஊர் மளிகைக் கடையில் அந்தச் சீட்டைக் கொடுத்துச் சாமான் வாங்கலாம், பில் மருந்தகக் கணக்கில் ஏறும். மருந்துப் பணத்தை எப்படிச் சோற்றுக்குச் செலவழிக்கலாம் என்று வாஷிங்டன் அதிகாரிகள் ஆட்சேபித்தார்கள். ஊட்டக்குறைவுக்கு மருந்து சாப்பாடுதான் என்று கெய்கர் பதில் சொன்னார். கிணறு தோண்டினார்கள், கழிப்பறை கட்டினார்கள், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தார்கள். 1968-ல் வடக்கு பொலிவர் கவுண்டி விவசாயக் கூட்டுறவு உருவாகி, பருத்திக்குப் பதில் காய்கறி, பயறு பயிரிட்டு நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குக் கொடுத்தது.

இன்று ஊரின் மக்கள்தொகை சுமார் 1,500. பழைய கடைவீதி பெரும்பாலும் காலி. 1910-ல் ஐசயா கட்டிய செங்கல் வீடு தேசிய வரலாற்றுச் சின்னம். டெல்டா ஹெல்த் சென்டர் இன்னும் இயங்குகிறது. அதன் பணமும் வெளியிலிருந்துதான் வருகிறது. ஆனால் மத்திய நிதி பெறும் இப்படிப்பட்ட நிலையங்களுக்கு ஒரு விதி உண்டு: நிர்வாகக் குழுவில் குறைந்தது 51 சதவீதம் பேர் அந்த நிலையத்திலேயே சிகிச்சை பெறுபவர்களாக இருக்கவேண்டும். வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றுவதும் தலைமை நிர்வாகியை நியமிப்பதும் நீக்குவதும் அந்தக் குழுவின் அதிகாரம்.